வேலூரில் கர்ப்பகால ஸ்கிரீனிங்: 'எடுங்க' என்று சீட்டு வருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பன்னிரண்டாவது வாரத்தையொட்டி ஒரு சீட்டு கைக்கு வரும். அதில் 'என்.டி. ஸ்கேன், டபுள் மார்க்கர்' என்று எழுதியிருக்கும். டவுன் சிண்ட்ரோம் போன்ற, குரோமோசோம் எண்ணிக்கை பிசகுவதால் வரும் பிறவிக் குறை கருவுக்கு இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்கும் ஸ்கேனும் ரத்தச் சோதனையும் இவை. எதற்கு, வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே பெரும்பாலும் நடப்பதில்லை. வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துப் பெண்களுக்கு இது சர்க்கரை டெஸ்ட் மாதிரி இன்னொரு டெஸ்ட். எல்லாரும் எடுக்கிறார்கள், நாமும் எடுப்போம் என்று எடுக்கிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்திருக்கும் பீகார், ஒடிசா, வங்காளக் குடும்பத்துப் பெண்களுக்கு நேர் எதிர். மொழி தெரியாததால் கேட்காமலே விட்டுவிடுவார்கள், அல்லது அவர்கள் வந்து சேரும்போது வாரம் கடந்திருக்கும். கேட்காமல் எடுப்பதும் சரி, கேட்காமல் விடுவதும் சரி, அந்தப் பெண் எடுத்த முடிவு ஆகாது.

இது தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவர்களுக்கும், இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் எழுதியது. ரூபாய்க் கணக்கெல்லாம் தனியார் இடங்களின் தோராயக் கணக்கு. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

1. முதலில் வாரக் கணக்கு

கர்ப்பக் கணக்கு கடைசி மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்து தொடங்குகிறது, நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து அல்ல. இதில் தவறினால் நான்கு வாரம் பிசகும். பிறகு எல்லாச் சோதனையும் தவறான நாளில் நடக்கும்.

கடைசி மாதவிடாய் மார்ச் 1 என்று வைத்துக்கொள்வோம். என்.டி. ஸ்கேனுக்கும் டபுள் மார்க்கருக்கும் உரிய காலம் 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை. அதாவது மே 17 முதல் ஜூன் 6 வரை, மொத்தம் 21 நாள்தான். அதைத் தவறவிட்டால் குவாட்ரபிள் மார்க்கர் என்ற ரத்தச் சோதனையை ஜூன் 14-இலிருந்து எடுக்கலாம். உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் டிஃபா ஸ்கேன், அனாமலி ஸ்கேன் என்றும் சொல்வார்கள், ஜூலை 5 முதல் 19 வரை செய்வது நல்லது. 20 வாரம் முடிவது ஜூலை 19, 24 வாரம் முடிவது ஆகஸ்ட் 16. இந்தக் கடைசி இரண்டு தேதிகள் ஏன் முக்கியம் என்பது 9-ஆம் படியில் வருகிறது. உங்கள் தேதியை வைத்து இதே கணக்கைப் போட்டுக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

மாசக் கணக்கில் பேசாதீர்கள். 'மூணாவது மாசம்' என்றால் ஒருவருக்கு 9 வாரம், இன்னொருவருக்கு 13 வாரம். போனில் முன்பதிவு செய்யும்போதும் 'இன்றைக்கு 11 வாரம் 3 நாள்' என்றே சொல்லுங்கள்.

நம் பக்கத்து வழக்கம் ஒன்று இங்கே குறுக்கே நிற்கிறது. 'மூணு மாசம் முடியாம வெளியே சொல்லக் கூடாது' என்பார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. நர்சம்மாவுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த மூன்று மாதம் முடியும்போதே என்.டி. காலமும் முடிந்துவிடுகிறது.

மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள், தாய்ப்பால் கொடுக்கும்போதே கருவுற்றவர்கள், தேதி நினைவில்லாதவர்கள் 7 முதல் 9 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்து வாரத்தை உறுதிசெய்யுங்கள். முதல் ஸ்கேன் சொல்லும் வாரமும் உங்கள் கணக்கும் ஒரு வாரத்துக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேன் கணக்குதான் இனிச் செல்லும். அதன்பின் வரும் ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டும் தன் பங்குக்கு ஒரு பிரசவத் தேதியை அச்சடித்துக் கொடுக்கும். அதைப் பார்த்துக் கணக்கை மாற்றாதீர்கள். முதல் ஸ்கேனில் முடிவான தேதியைக் கோப்பின் அட்டையிலேயே பெரிதாக எழுதிவையுங்கள்.

2. ஆர்.சி.ஹெச். எண்

தமிழ்நாட்டில் கர்ப்பத்தை 'பிக்மி' என்ற அரசுப் பதிவில் ஏற்றி 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண் வாங்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொண்டாலும் இது தேவை. பிறகு பிறப்புப் பதிவின்போதும் இந்த எண்ணைக் கேட்பார்கள். கிராமத்தில் கிராம சுகாதார செவிலியர், நகரத்தில் நகர்ப்புற சுகாதார செவிலியர் பதிவார். 102-க்குப் பேசியும் பதியலாம்.

ஆதார், செல்போன் எண், கடைசி மாதவிடாய்த் தேதி, இப்போது தங்கியிருக்கும் முகவரி இவை கையில் இருக்கட்டும். வெளிமாநில ஆதார் என்பதற்காகப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். சொந்த மாநிலத்தில் ஏற்கெனவே தாய்-சேய் அட்டை போட்டிருந்தால் அதையும் கொண்டுபோங்கள். ஒரே கர்ப்பத்துக்கு இரண்டு எண் விழுந்தால் பிறகு திருத்த அலைய வேண்டும். மேல்மொணவூர் போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்கள் முகாம் குடும்ப அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

12 வாரத்துக்குள் பதிவது பணத்துக்கும் நல்லது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு. அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். தகுதியுள்ளவர்கள் தாமதமாகப் பதிந்தால் சிக்கலாகும்.

3. எந்தச் சோதனை எதைச் சொல்லும்

இந்தப் படியில்தான் குழப்பம் அதிகம், ஆகவே நிதானமாகப் படியுங்கள். சோதனைகள் இரண்டு சாதி. ஸ்கிரீனிங் சோதனை 'வாய்ப்பு இவ்வளவு' என்று மட்டும் சொல்லும். உறுதிச் சோதனை 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று சொல்லும். டபுள் மார்க்கர், குவாட்ரபிள், என்.ஐ.பி.டி. மூன்றும் முதல் சாதி. ஊசியால் பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் துணுக்கையோ எடுத்துப் பார்ப்பது இரண்டாம் சாதி.

என்.டி. ஸ்கேனில் கருவின் பின்கழுத்துத் தோலடியில் உள்ள நீரின் தடிமனை மில்லிமீட்டரில் அளப்பார்கள், மூக்கெலும்பு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். டபுள் மார்க்கர் தாயின் ரத்தத்தில் இரண்டு பொருள்களை அளப்பது. இரண்டையும் தாயின் வயதோடு சேர்த்துக் கணித்தால் டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை பிடிபடும். அதே நேரத்தில், சோதித்த நூறு தாய்மாரில் ஐந்து பேருக்கு 'ஹை ரிஸ்க்' என்று வரும், அந்த ஐவரில் பெரும்பாலோரின் குழந்தைக்கு ஒன்றும் இருக்காது. ஸ்கேன் இல்லாமல் ரத்தம் மட்டும் கொடுத்தால் பிடிபடும் அளவு குறையும். காசை மிச்சப்படுத்த ஒன்றை மட்டும் எடுப்பவர்கள் பலர் ரத்தத்தை எடுத்து ஸ்கேனை விடுகிறார்கள். ஒன்றுதான் முடியும் என்றால் ஸ்கேனை எடுங்கள். இரட்டைக் குழந்தையா, மண்டையோடு உருவாகியிருக்கிறதா, வயிற்றுச் சுவர் மூடியிருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

குவாட்ரபிள் மார்க்கர் 15 வாரத்துக்கு மேல் எடுக்கும் ரத்தச் சோதனை. தாமதமாக வந்தவர்களுக்கு இதுதான் வழி. நூற்றுக்குச் சுமார் 80 பிடிபடும், முதுகுத்தண்டுப் பிளவு பற்றியும் குறிப்புக் கிடைக்கும்.

என்.ஐ.பி.டி. 10 வாரத்திலிருந்து எடுக்கலாம். தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் டி.என்.ஏ. துணுக்குகளைப் பார்ப்பது. டவுன் சிண்ட்ரோமில் நூற்றுக்கு 99-க்கு மேல் பிடிக்கும். அப்படியும் இது ஸ்கிரீனிங்தான். குறைந்த வயதுத் தாய்க்கு இதில் 'ஹை ரிஸ்க்' வந்தாலும் பொய்யாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. ஆகவே இதை மட்டும் வைத்துக் கருக்கலைப்பு முடிவு எடுக்கக் கூடாது. கருவின் டி.என்.ஏ. போதுமான அளவு, சுமார் 4 சதவீதம், இல்லாவிட்டால் முடிவே வராது. உடல் எடை அதிகமுள்ளவர்களுக்கு இது கூடுதலாக நேரும். இதயக் கோளாறு, முதுகுத்தண்டுப் பிளவு, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் எதையும் சாதாரண என்.ஐ.பி.டி. சொல்லாது.

செலவு: என்.டி. ஸ்கேன் 1,500 முதல் 3,000 ரூபாய், டபுள் மார்க்கர் 2,000 முதல் 3,500, குவாட்ரபிள் 2,500 முதல் 4,500, டிஃபா 2,000 முதல் 4,000, என்.ஐ.பி.டி. 10,000 முதல் 25,000. அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேனும் அடிப்படை ரத்தச் சோதனைகளும் இலவசம். மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு இடங்களில் சிறப்பு மருத்துவர் பார்க்கும் கர்ப்பகாலப் பரிசோதனை நாள். டபுள் மார்க்கரும் என்.ஐ.பி.டி.யும் அரசு இடத்தில் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் முன்கூட்டியே கேளுங்கள். காப்பீட்டு அட்டைகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் உதவும். வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

சில இடங்களில், கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளைத் தேடும் 'டார்ச்' என்றொரு ரத்தச் சோதனையும் சீட்டில் சேர்ந்து வரும். காய்ச்சல், தடிப்பு, ஸ்கேனில் சந்தேகம் போன்ற காரணம் இருந்தால் சரி. ஒன்றுமில்லாமல் எல்லாருக்கும் எடுப்பதில் பயனில்லை. ஏன் என்று கேளுங்கள்.

4. ரத்தம் கொடுக்கும் முன் முடிவு

ஹை ரிஸ்க் என்று வந்தால் அடுத்து ஊசிச் சோதனைக்குப் போவேனா? அதிலும் உறுதியானால் கர்ப்பத்தைத் தொடர்வேனா? இந்த இரண்டு கேள்விக்கும் இன்றைக்கே பதில் தெரிய வேண்டும் என்பதில்லை, ஆனால் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். 'எது வந்தாலும் பெற்றுக்கொள்வேன்' என்பவருக்கும் சோதனை பயன்படலாம். குழந்தை பிறந்தவுடன் என்ன கவனிப்பு வேண்டும், எந்த மருத்துவமனையில் பிரசவம் என்று திட்டமிட முடியும். 'எனக்குத் தெரியவே வேண்டாம்' என்பதும் நேர்மையான பதில்தான். அதை மருத்துவரிடம் சொல்லி, கோப்பில் எழுதச் சொல்லுங்கள். ஸ்கிரீனிங் வேண்டாம் என்றவருக்கு மற்ற கர்ப்பகாலக் கவனிப்பை மறுக்க முடியாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: 'இது எந்த நோயைப் பார்க்குது? இதுல தெரியாதது எது? ரிஸ்க்னு வந்தா அடுத்து என்ன, எவ்வளவு ஆகும், எத்தனை நாள்ல தெரியும்?' இதற்கு இரண்டு நிமிடம் போதும். கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் எழுதி நீட்டுங்கள்.

மாமியாரும் கணவரும் கூட இருப்பது பலருக்குத் தெம்பு. ஆனால் பதில் சொல்வதும் கையெழுத்திடுவதும் கர்ப்பிணிதான். சீட்டைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு விளக்கம் முழுவதும் அவரிடமே நடந்தால், 'எனக்கும் சொல்லுங்க டாக்டர்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

5. மொழி

ஊசிச் சோதனை போன்றவற்றுக்கு முன் பக்கவிளைவுகளை விளக்கி, அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கி, அதன் நகலை அவரிடமே தர வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டின் கருவறிதல் சட்டம் சொல்கிறது. இந்தி, வங்காளம், ஒடியா மட்டும் தெரிந்தவர் தமிழ்ப் படிவத்தில் கைநாட்டு வைத்தால் அது அந்த ஒப்புதல் அல்ல. பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்து உருதுக் குடும்பங்களுக்கும் சித்தூர் எல்லையிலிருந்து வரும் தெலுங்குப் பெண்களுக்கும் இதே பொருந்தும்.

மொழிபெயர்க்க லாட்ஜ் பையனையோ வழியில் கிடைத்த புரோக்கரையோ கூட்டிப் போகாதீர்கள். கணவர் மட்டும் மொழிபெயர்த்தாலும் பாதி விழுங்கப்படும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை போல வெளிமாநிலத்தவர் நிறைய வரும் இடங்களில் இந்தி, வங்காளம் பேசும் பணியாளர்கள் இருப்பார்கள், கேளுங்கள். கூடப் போகிறவர் நீங்கள் என்றால் ஒரு வேலை செய்யுங்கள். மருத்துவர் சொன்னதை அந்தப் பெண்ணையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'டெஸ்ட் எடுத்தா குழந்தைக்கு நோய் வராது' என்று அவர் சொன்னால் மறுபடி விளக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஒரு சொல் எல்லாரையும் ஏமாற்றும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'ஹை ரிஸ்க் மதர்' என்றால் ரத்தசோகை, ரத்த அழுத்தம், முன்பு சிசேரியன், குட்டையான உயரம் போன்ற காரணங்களால் கூடுதல் கவனிப்பு வேண்டிய தாய். டபுள் மார்க்கர் ரிப்போர்ட்டின் 'ஹை ரிஸ்க்' வேறு. அட்டையில் ஒட்டிய முத்திரையைப் பார்த்துக் குழந்தைக்கு ஊனம் என்று அழுதவர்களும் உண்டு, ரிப்போர்ட்டைப் பார்த்து 'அதுதான் முன்னாடியே தெரியுமே' என்று பெட்டியில் வைத்தவர்களும் உண்டு.

6. என்.டி. ஸ்கேன் நாள்

மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் பெரும்பாலான ஸ்கேன் சென்டரில் உள்ளே விடமாட்டார்கள். ஒவ்வொரு கர்ப்ப ஸ்கேனுக்கும் சட்டப்படி எஃப் படிவம் நிரப்ப வேண்டும், அதோடு அந்தச் சீட்டையும் பாதுகாக்க வேண்டும். பெயர், வயது, முகவரி, உயிரோடு இருக்கும் குழந்தைகள் எத்தனை, ஆணா பெண்ணா, கடைசி மாதவிடாய் எல்லாம் அதில் உண்டு. குழந்தை ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என்ற உறுதிமொழியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். ஆதார் நகல் இரண்டு, வெளிநாட்டவரானால் பாஸ்போர்ட் நகல், முந்தைய ஸ்கேன் ரிப்போர்ட், ஆர்.சி.ஹெச். எண் இவற்றோடு போங்கள்.

முன்பதிவு செய்யும்போது 'என்.டி. ஸ்கேன்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 12-ஆவது வாரத்தில் எடுத்தாலே அது என்.டி. ஆகிவிடாது. ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல்., அதாவது தலைமுதல் பிட்டம்வரை நீளம், 45 முதல் 84 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். என்.டி. அளவு மி.மீ.யில் எண்ணாக இருக்க வேண்டும், மூக்கெலும்பு பற்றிய வரியும் வேண்டும். 'குழந்தை நலம், இதயத் துடிப்பு உண்டு' என்று மட்டும் இருந்தால் வாசலைத் தாண்டும் முன் கேளுங்கள். குழந்தை சாய்ந்து படுத்திருந்தால் அரை மணி நடந்துவிட்டு வரச் சொல்வார்கள், அது வழக்கம்தான். 12-ஆவது வாரத்திலேயே முன்பதிவு செய்தால் இன்னொரு நாள் வரவும் இடம் இருக்கும். 13 வாரம் 5-ஆம் நாள் போனால் இருக்காது.

டபுள் மார்க்கருக்கு வெறும் வயிறு தேவையில்லை. லேப் படிவத்தில் பிறந்த தேதி, அன்றைய எடை, ஸ்கேன் தேதி, சி.ஆர்.எல்., என்.டி., இரட்டையா, சர்க்கரை நோய் உண்டா, குழந்தையின்மைச் சிகிச்சையில் கருவுற்றதா என்று கேட்பார்கள். கணிப்பு முழுக்க இந்த எண்களில் நிற்கிறது. எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், அங்கேயே எடை போடச் சொல்லுங்கள். ஆதாரில் பிறந்த தேதி தவறு என்றால் உண்மையான வயதைச் சொல்லுங்கள். வயது ஐந்தாண்டு மாறினால் ரிஸ்க் எண்ணும் மாறிவிடும். மாதிரி பெரும்பாலும் வெளியூர் லேபுக்குப் போகும், முடிவுக்கு இரண்டு முதல் நான்கு நாள்.

வீட்டுக்கே மெஷின் கொண்டுவந்து 'என்ன குழந்தைன்னு சொல்றோம்' என்று யாராவது வந்தால் அது குற்றம். கேட்கும் கணவருக்கும் உறவினருக்கும் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கர்ப்பிணி வற்புறுத்தப்பட்டார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. என்.ஐ.பி.டி. ரிப்போர்ட்டிலும் பாலினம் வராது.

7. தலசீமியாவும் சொந்தத்துக் கல்யாணமும்

டபுள் மார்க்கர் நார்மல் என்பதால் இந்த இரண்டிலும் எந்த உத்தரவாதமும் இல்லை. இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள்.

தாயும் தந்தையும் இருவருமே தலசீமியா மரபணு ஏந்தியவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஏந்தியவருக்கு உடம்பில் ஒன்றும் தெரியாது. வங்காளம், அசாம் பக்கத்தில் ஹீமோகுளோபின்-இ என்ற வகை அதிகம். தாய்க்கு அது, தகப்பனுக்கு பீட்டா தலசீமியா என்றாலும் குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரலாம். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பழங்குடிக் குடும்பங்களுக்கு அரிவாள் செல் நோய் என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோயையும் பார்க்க வேண்டும். உள்ளூர்ப் பெண்களுக்கும் விதிவிலக்கு இல்லை.

முதல் தடயம் சாதாரண ரத்த எண்ணிக்கையிலேயே கிடைக்கும். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழே, எம்.சி.ஹெச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்) 27-க்குக் கீழே என்றால், அல்லது இரும்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனை கேளுங்கள். அதில் ஹெச்.பி.ஏ.2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பீட்டா தலசீமியா ஏந்தியவர். கடும் இரும்புக் குறைவு இந்த எண்ணைக் கீழே இழுத்து மறைத்துவிடும், எனவே எல்லைக்கோட்டில் வந்தால் மருத்துவர் பார்க்கட்டும். கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் சொல்லிவிடுங்கள்.

மனைவி முடிவு வந்த பிறகு கணவருக்கு என்று காத்திருந்தால் இரண்டு வாரம் போய்விடும். வாரம் ஏறியிருந்தால் இருவரும் ஒரே நாளில் கொடுங்கள். கணவர் வேலைக்கு வெளியூர் போயிருந்தால் அங்கேயே ஒரு லேபில் எடுத்து ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பட்டும். இருவரும் ஏந்தியவர்கள் என்றால் கருவைச் சோதிக்கும் முன் இருவரின் மரபணு மாற்றமும் எதுவென்று தெரிய வேண்டும், அதற்கும் நாள் வேண்டும். ஆகவே ஹெச்.பி.எல்.சி.க்குச் சரியான நேரம் கல்யாணத்துக்கு முன், இல்லையென்றால் முதல் செக்கப்.

அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் இந்தப் பக்கத்தில் இன்றும் உண்டு. பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். மாமன்-அத்தை பிள்ளைகள் மணந்தால் இன்னும் இரண்டு மூன்று கூடும், தாய்மாமனை மணந்தால் அதற்கும் மேல். அப்படிப் பார்த்தாலும் பெரும்பான்மைக் குழந்தைகள் நலமே, பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் இந்த வகை நோய்களை டபுள் மார்க்கரும் என்.ஐ.பி.டி.யும் பார்ப்பதே இல்லை. குடும்பத்தில் காது கேளாமை, வளர்ச்சிக் குறை, காரணம் தெரியாத சிசு மரணம் இருந்தால் மரபியல் மருத்துவரைப் பாருங்கள். சி.எம்.சி.யில் அதற்கெனத் துறை இருக்கிறது. முந்தைய குழந்தையின் பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். அந்தக் குழந்தைக்கு நோயின் பெயர் உறுதியாகாமல் வயிற்றில் இருப்பதைச் சோதிக்க வழியில்லை, எதைத் தேடுவது என்றே தெரியாது.

8. ரிப்போர்ட்டைப் படிப்பது, உறுதிச் சோதனைக்குப் போவது

1:250 என்றால் இதே எண் வந்த 250 தாய்மாரில் ஒருவரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும், 249 பேருக்கு இல்லை. 1:50 என்றால் ஐம்பதில் ஒன்று. எண் சிறிதானால் ரிஸ்க் பெரிது, இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர் நிறைய. பெரும்பாலும் 1:250-ஐ எல்லையாக வைக்கிறார்கள். 1:1000 வரை நடுத்தரம் என்று சொல்லி என்.ஐ.பி.டி. பேசுவார்கள். வயதை மட்டும் வைத்தாலே 30-இல் சுமார் 900-க்கு ஒன்று, 35-இல் 350-க்கு ஒன்று, 40-இல் 100-க்கு ஒன்று. 'லோ ரிஸ்க்' என்றால் வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். என்.டி. 3.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் ரத்த முடிவு எப்படி இருந்தாலும் அடுத்த கட்டப் பரிசோதனை பேசியாக வேண்டும்.

உறுதிச் சோதனையில் சி.வி.எஸ். (நஞ்சுக்கொடித் துணுக்கு எடுப்பது) 11 முதல் 14 வாரம், ஆம்னியோ (பனிக்குட நீர் எடுப்பது) 16 வாரத்தையொட்டி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசி விடுவார்கள். சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். இதனால் கரு கலையும் கூடுதல் வாய்ப்பு, அனுபவமுள்ள கையில், 200-இல் ஒன்றுக்கும் குறைவு. ஜி படிவம் என்ற ஒப்புதலில் கையெழுத்து உங்களுடையது, நகலைக் கேட்டு வாங்குங்கள். ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஆன்ட்டி-டி ஊசி போட்டார்களா என்று பாருங்கள். பிறகு நீர் கசிவு, ரத்தம், காய்ச்சல், விடாத வயிற்றுவலி என்றால் உடனே திரும்பிப் போங்கள்.

விரைவு முடிவு சில நாளில் வரும், முழுக் குரோமோசோம் முடிவுக்கு இரண்டு மூன்று வாரம். தனியாரில் எந்த அளவுக்குச் சோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து 10,000 முதல் 25,000 ரூபாய், சில வகைகளில் அதற்கும் மேல். பணம் கட்டுமுன் 'என்னென்ன டெஸ்ட், எந்தத் தேதியில் கிடைக்கும்' என்று எழுதி வாங்குங்கள்.

9. டிஃபா ஸ்கேனும் 20, 24 வாரக் கணக்கும்

டிஃபாவை 18 முதல் 20 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். 22 வாரம் வரை தள்ளினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஸ்கேனில் சந்தேகம், மறு ஸ்கேனுக்கு நான்கு நாள், ஆம்னியோ, முடிவுக்கு இரண்டு வாரம், அதற்குள் 24 வாரம் தாண்டியிருக்கும். இந்த ஸ்கேனிலும் எல்லாம் தெரியாது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் சுமார் பாதிப்பேர் இதில் நார்மலாகவே தெரிவார்கள்.

கருக்கலைப்புச் சட்டம், 2021 திருத்தத்தின்படி: 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வரை, கருவில் கடுமையான குறை உள்ளிட்ட குறிப்பிட்ட காரணங்களுக்கு, இரண்டு மருத்துவர்கள். 24-க்கு மேல் கருவில் கணிசமான குறை இருந்தால் மட்டும், அரசு அமைத்த மருத்துவக் குழுவின் முடிவோடு. குழு மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே சட்டம் கேட்பது. கணவர் கையெழுத்து இருந்தால்தான் என்று சொன்னால் அது அந்த இடத்தின் பழக்கமே தவிரச் சட்டம் அல்ல. இதே சட்டத்தைக் காட்டி யாரும் உங்களைக் கலைக்கச் சொல்லி நெருக்கவும் முடியாது.

தொடர்வது என்று முடிவானால் அடுத்த வேலை பிரசவ இடம். கருவில் இதயக் குறை, குடல் அடைப்பு, முதுகுத்தண்டுப் பிளவு தெரிந்தால் குழந்தை அறுவை மருத்துவர் இருக்கும் இடத்தில் பேறு நடக்க வேண்டும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிற வழக்கத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மலைக் கிராமத்துக்கோ ரயிலில் இரண்டு நாள் தள்ளியுள்ள ஊருக்கோ போய்விட்டு வலி எடுத்ததும் திரும்ப முடியாது. பிறந்த பின் குழந்தைக்கு இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சிக்கு அரசு நடத்தும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தைக் கேளுங்கள்.

10. கோப்பு

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி இந்த வரிசையில் வையுங்கள்: ஆர்.சி.ஹெச். அட்டை, முதல் ஸ்கேன், ரத்த வகை, ஹெச்.பி.எல்.சி. (இருவருடையதும்), என்.டி., மார்க்கர் ரிப்போர்ட், ஒப்புதல் நகல், டிஃபா. ஸ்கேன் படங்கள் மங்கிப்போகும், எழுத்து ரிப்போர்ட்தான் முக்கியம். ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். வெளிமாநிலக் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்புமுன் மருத்துவரிடம் ஒரு பக்கச் சுருக்கம் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். தமிழில் எழுதிய அட்டையை அங்கே படிக்க ஆளிருக்காது. வழியில் உடம்புக்கு ஏதாவது என்றால் தமிழ்நாட்டுக்குள் ஆம்புலன்சுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.